‘நசுங்கல் உள்ளது’: ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பின் 6 ஞாயிறுகள்

முதல் ஞாயிற்றுக்கிழமை என் கைக்கு வந்த 11 தாள்களிலும் யாரோ செத்துப்போயிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்: 8 பாட்டி, 2 தாத்தா, 1 பசுமாடு. ஒவ்வொரு தாளின் கடைசி வரியிலும் ‘இனி வரவே வராது’ என்றோ, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வாக்கியமோ உட்கார்ந்திருந்தது. தாங்கள் எழுதியதை வாசிக்கும்போது இரண்டு பேர் அழுதார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

தப்பு அவர்களுடையது இல்லை, நான் கொடுத்த பயிற்சியில்தான் கோளாறு என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கதையையும் கவிதையையும் வாசித்து, அதிலிருந்து எழுதிப் பழகுவது என்பதுதான் ஏற்பாடு. வாசித்ததிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். அந்தச் சறுக்கலையும், பிறகு என்ன மாற்றினோம், எது பலித்தது, எது கவிழ்ந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வகுப்பு நடத்துகிறவர்களுக்குப் பயன்படலாம்.

இடம், கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு கரிசல் ஊர். ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை. நான் எழுத்தாளன் இல்லை. அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். வந்தவர்களில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒரு பஸ் கண்டக்டர், தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற ஓர் அக்கா, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், ஒரு நர்ஸ் ஆகியோரைப் பற்றித்தான் இங்கே அதிகம் வரும். (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான்.) மற்ற 6 பேரும் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் பயிற்சி எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பது இந்த 5 பேரிடம்தான் துலக்கமாகத் தெரிந்தது.

முதல் நாளுக்கு கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை எடுத்துக்கொண்டேன். இடைசெவல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் அதே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள், இருவருக்குமே சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, அழகிரிசாமிக்கு 1970இல், கி.ரா.வுக்கு 1991இல். இதைச் சொன்னதும் கண்டக்டர், “நம்ம ரூட்டுல உள்ள ஊருதானய்யா!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கதை எல்லோருக்கும் பிடித்தது. வரி பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுபோகிறார்கள்; கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று நுழைகிறது; கைக்குழந்தை போய்விடுகிறது. வாசித்து முடித்ததும் மாடியே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நம்பி நான் பயிற்சியைச் சொன்னேன்: “உங்கள் வீட்டிலிருந்து போய்விட்ட ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள்.”

அதன் விளைவுதான் 8 பாட்டியும் ஒரு பசுமாடும்.

தீப்பெட்டி ஆபீஸ் அக்கா அன்று எழுதியதை அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

“எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அது என் பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டியின் அன்பு முகம் நினைவுக்கு வரும். வறுமையின் கோரப்பிடியில் சிக்கி அதை அடகு வைத்தோம். குடமும் போனது, பாட்டியும் போனாள். இனி இரண்டும் வராது.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. குடம் நிஜம், அடகு நிஜம். ஆனால் ‘வறுமையின் கோரப்பிடி’ அவருடையது இல்லை. அந்தச் சொற்றொடரை நான் மெய்ப்புத் திருத்தும் தொழிலில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. வறுமை என்று எழுதினாலே கோரப்பிடி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், லேபிளுக்குப் பசை மாதிரி. கதையின் சோகத்தைக் காட்டி ‘இதே மாதிரி சோகம் உங்களிடம் உண்டா?’ என்று கேட்டால், ஒருவர் தன் பெட்டியில் ஏற்கெனவே மடித்து வைத்திருக்கிற சோகத்தைத்தான் எடுத்து நீட்டுவார். அதற்கான சொற்களும் கூடவே மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

அந்த வாரம் ‘கதவு’ கதையைத் திரும்ப வாசித்தேன், இந்த முறை பிழை திருத்துகிறவன் கண்ணோடு, எந்த வரிக்குப் பிறகு எந்த வரி வருகிறது என்று மட்டும் பார்த்தபடி. அப்போது ஒன்று உறைத்தது. கதை துக்கத்தில் தொடங்கவே இல்லை. குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். அது பஸ். டிக்கெட் கொடுக்கிறார்கள். திருநெல்வேலிக்கு ஒன்று என்கிறார்கள். கதவு கதவாக இருப்பதற்கு முன்னாலேயே வண்டியாகிவிடுகிறது. பிறகு அதை எடுத்துப் போகும்போது, போனது வெறும் பலகை இல்லை என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாமும் அதில் ஏறி ஒரு சுற்று போய்வந்துவிட்டோம். கி.ரா. எங்கேயும் நின்று ‘ஐயோ’ என்று சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அதே பொருளை, அதே தாளை, புதிய நிபந்தனைகளோடு திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு இல்லாமல், வேறு 3 காரியத்துக்குப் பயன்பட்டதை எழுத வேண்டும். அன்பு, வறுமை, நினைவு, கண்ணீர், பாசம் ஆகிய சொற்கள் கூடாது. அது போய்விட்ட செய்தியை வீட்டைச் சேராத ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும்.

முணுமுணுப்பு எழுந்தது. “பாட்டியே இல்லாம எப்படி சார்?” என்று ஒருவர் கேட்டார். பாட்டி வரலாம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்றேன். அக்கா முக்கால் மணி நேரம் தாளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு விறுவிறுவென்று எழுதினார்.

“குடத்தைக் கவுத்துப் போட்டால் டிராக்டர். தம்பி மேலே உட்காருவான், நான் பின்னால் நின்று தள்ளுவேன். அது நகராது, ஆனாலும் அவன் வாயாலேயே கயத்தாறு வரைக்கும் போவான். நிமிர்த்தி வைத்தால் கண்ணாடி. அதில் எங்கள் எல்லோருக்கும் மூக்கு பெரிசாகத் தெரியும், பெரியப்பாவுக்கு மட்டும் அவர் மூக்கு மாதிரியே இருக்கும். ஐப்பசி மழையில் ஒழுகுகிற இடத்தில் வைத்தால் ராத்திரி பூரா மணி அடிக்கும். முதலில் டங், தண்ணீர் ஏற ஏற டப். சத்தம் மாறினால் பாட்டி எழுந்து போய் ஊற்றிவிட்டு வருவாள்.

ஒருநாள் டிராக்டர் வாசல்படியிலிருந்து உருண்டுவிட்டது. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா குடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து அவனை அடித்தாள்.

கடையில் கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினார். ‘பித்தளைக் குடம் ஒன்று, எடை இரண்டே முக்கால் கிலோ, நசுங்கல் உள்ளது.’ ”

அவர் வாசித்து முடித்தபோது யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. கண்டக்டர்தான் முதலில் பேசினார். “அந்த நசுங்கல் எப்படி வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். அந்தக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. அவன் அதுக்கு வெலையக் கொறைப்பான், இல்லக்கா?” அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியாள் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை நான் ஒரு கட்டுப்பாடாக மட்டுமே யோசித்திருந்தேன். அது அடகுச் சீட்டின் மொழியைக் கதைக்குள் கொண்டுவரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘நசுங்கல் உள்ளது’ என்பது கடைக்காரன் வாயில் பொருளின் குறை. அதே 2 சொற்கள் வாசிக்கிறவனுக்குத் தம்பியின் டிராக்டர். எழுதியவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்பதைச் சிலர் வியப்பாகச் சொன்னார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. நாளெல்லாம் குச்சி அடைக்கிற விரலுக்கு ஒரு பெட்டியில் எது குறைகிறது என்று பார்க்காமலே தெரியும்.

எல்லோருக்கும் இப்படிப் பலித்துவிடவில்லை. 3 பேர் 3 பயன்பாட்டையும் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பசுமாட்டுக்காரர், பசுமாட்டை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் ஞாயிறு குறுந்தொகை. இதற்குத் தமிழாசிரியர் ஐயாதான் பொறுப்பு. அவர் கபிலரின் 25ஆம் பாட்டைப் புத்தகம் இல்லாமல் சொன்னார்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னைச் சேர்ந்த அன்று வேறு யாரும் அங்கே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகும் இருந்தது, தினைத்தாள் போன்ற சின்னப் பச்சைக் கால் அதற்கு. ஐயா இதை விளக்கிவிட்டு, இருந்த ஒரே சாட்சிக்கும் மீன்மேல்தான் கண், சாட்சி சொல்ல வாயும் கிடையாது, அதுதான் பாட்டின் வலி என்றார். வழக்கமான விளக்கம், சரியான விளக்கமும்கூட.

அப்போது கல்லூரிப் பெண் கேட்டாள். “ஐயா, கொக்கோட காலை மட்டும் எதுக்கு இவ்வளவு சொல்றாங்க? மூக்கு, சிறகு ஒண்ணும் சொல்லலையே?”

ஐயா யோசித்தார். தினைத்தாள் குறிஞ்சிக்கு உரிய உவமை என்று ஆரம்பித்தார். அவளே தொடர்ந்தாள். “அவ அப்ப தலை குனிஞ்சிருந்திருக்கா. அதான் கால் மட்டும் ஞாபகம் இருக்கு.”

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் படிச்ச உரையில இது இல்லம்மா,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “40 வருஷம் இந்தப் பாட்டை நடத்தியிருக்கேன்,” என்றும் சொன்னார். அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைய பயிற்சி அங்கேயே பிறந்துவிட்டது. நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த தாளை மடித்துப் பையில் போட்டேன்.

நிபந்தனைகள் இப்படி அமைந்தன. இரண்டு பேருக்கு நடுவில் ஒன்று நடக்க வேண்டும். மூன்றாவதாக ஓர் உயிரோ பொருளோ அங்கே இருக்க வேண்டும். அது தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்கிறவரின் கண் எங்கே விழுந்ததோ அது மட்டும்தான் வர்ணனையில் வரலாம். கடைசி நிபந்தனை ஐயா சேர்த்தது. இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா. அதில் கடைசிக்கு முந்தின அடி 3 சீராகக் குறையும். விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்: ஒழுகுநீர், ஆரல், பார்க்கும். மற்ற அடிகள் எல்லாம் 4 சீரில் நடந்துவந்து, குருகு மீனைப் பார்க்கிற இடத்தில் மட்டும் மூச்சு நின்றுவிடுகிறது. ஆகவே உரைநடையிலும் கடைசிக்கு முந்தின வாக்கியம் 3 சொல்லில் நிற்க வேண்டும் என்றார். யாப்பு விதியை உரைநடைக்குக் கடன் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்த ஞாயிற்றின் பெருமை அவருக்குத்தான்.

4 பேர் நிலாவைச் சாட்சியாக வைத்தார்கள். எடுபடவில்லை. நிலாவுக்குப் பிழைப்பு இல்லை. அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், அனுதாபமும் படும். நிலா கூடாது என்று அப்போதுதான் விதி போட்டோம்.

கல்லூரிப் பெண் எழுதியது இது.

“கீழே எல்லார் முன்னாடியும், வேலைக்குப் போறதும் போகாததும் அவங்க இஷ்டம் என்று சொன்னார். மேலே அப்படிச் சொல்லவில்லை. தனியாகப் பேசிவிட்டு வரச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தார். வலது காலில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அம்மாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும், வேலையெல்லாம் சரிப்படாது என்றார். எறும்பு ஒன்று ஏறியது. நகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு அது சாக்ஸுக்குள் போய்விட்டது.”

இதற்கு நான் ஒரு கமா கூடத் திருத்தவில்லை. பெண் பார்க்கும் சடங்கைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளையின் முகமே வராத ஒரு பெண் பார்த்தலை நான் வாசித்ததில்லை. அவள் கபிலரிடமிருந்து காதலையோ ஏமாற்றத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்த தலையை எடுத்துக்கொண்டாள், மீனில் கண்வைத்த குருகை எறும்பாக்கிக்கொண்டாள். இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டுக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் இருந்த பாலம் அவ்வளவுதான்.

நாலாவது வாரம் ஐயா தன் ஆசையை வெளியிட்டார். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஆசை. ஒருவர் கடைசி அடியைக் கொடுக்க, இன்னொருவர் அதில் போய் முடியும்படி முழுப் பாட்டையும் பாடுவது நம்மிடம் பழைய விளையாட்டு. சமஸ்யை என்பார்கள். கொடுக்கிற அடி பெரும்பாலும் கிறுக்குத்தனமாகவோ, சொல்லவே கூடாததாகவோ இருக்கும். பாடுகிறவன் அதற்கு நியாயம் செய்து காட்ட வேண்டும். காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் இந்தச் சங்கதி நிறையக் கிடைக்கும். எழுத்துப் பயிற்சி என்பதை ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்கிய சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் வெண்பா நடக்கவில்லை. தளை, அதாவது சீரோடு சீர் சேரும் விதி, தட்டாமல் எழுத ஐயாவையும் இன்னொருவரையும் தவிர ஆள் இல்லை. மற்றவர்கள் நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாட்டை முணுமுணுத்து முழி பிதுங்கினார்கள். ஒரு மணி நேரம் வீண். டீ குடித்துவிட்டு வந்து அதே விளையாட்டை உரைநடைக்கு மாற்றினோம்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை ஏற்கெனவே வாசித்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். தீபாவளி நேரம். பணக்கார வீட்டுக்கு ராஜா, அதாவது ஜமீன் மாப்பிள்ளை, வந்திருக்கிறார். ஏழை வீட்டுக்கு ராஜா என்று பெயருள்ள ஓர் அநாதைப் பையன் வந்து சேர்கிறான். தாய் அவனைக் குளிப்பாட்டித் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். கடைசியில் மகள் போய், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். அந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்தால் அதில் ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளைகளின் வீம்பு. முழுக் கதையும் சேர்ந்து தள்ளித்தான் அது அவ்வளவு எடை பெறுகிறது. நான் கொடுத்த ஈற்றடி: “எங்க வீட்டுலயும் இருக்கு.” எது இருக்கிறது என்பது அவரவர் பாடு.

கண்டக்டரின் முதல் முயற்சியில் பஸ்ஸில் ஒரு பையன் காலி ஃப்ரிட்ஜ் அட்டைப் பெட்டியோடு ஏறினான். பக்கத்து சீட்டுப் பையன் தன் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருப்பதாகச் சொல்ல, இவன் ‘எங்க வீட்டுலயும் இருக்கு’ என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. “அண்ணாச்சி, இது அழகிரிசாமி கதைதான், உங்க பஸ்ஸுல ஏறி வந்திருக்கு,” என்றேன். அவருக்குக் கோபம். “டிக்கெட் எடுத்துட்டுத்தானே வந்திருக்கு?” என்றார். சிரித்தோம், ஆனாலும் அவர் முகம் சுருங்கித்தான் இருந்தது. வாக்கியம் கதையில் பெருமையாக வருகிறது. பெருமை இல்லாமல் வேறு என்ன தொனியில் அதைச் சொல்ல முடியும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள் என்றேன்.

அடுத்த வாரம் அரைப்பக்கம் கொண்டுவந்தார். கடைசி டிரிப். கூட்டம் இல்லை. முன்சீட்டில் இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். ஒருத்தி ஜன்னலைப் பார்த்தபடியே சொல்கிறாள், ராத்திரி வீட்டுக்காரர் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார், திண்ணையிலேயே படுத்தேன், கொசு பிடுங்கிவிட்டது என்று. கொசுவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்கிறாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து டிக்கெட் மிஷினை அழுத்துகிறார், எந்த ஊரு என்கிறார். இரண்டு பேரும் ஊரைச் சொல்கிறார்கள். மிஷின் சரசரவென்று சீட்டைத் தள்ளுகிறது. அந்தச் சத்தம் அடங்கியதும் இன்னொருத்தி சொல்கிறாள்: “அந்தத் தாப்பா எங்க வீட்டுலயும் இருக்கு.”

‘கதவு’ கதையில் தொடங்கி இவர் தாழ்ப்பாளுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லையாம். டிக்கெட் மிஷின் சத்தம்தான் தனக்குப் பிடித்த இடம் என்றார். ஈற்றடியை இரண்டு சொல் கூட்டித்தான் முடித்திருந்தார். ஐயா அதைத் தளை தட்டல் என்று சொல்லி மன்னித்தார்.

ஐந்தாம் வாரம் ஒரு வெளிநாட்டுச் சரக்கையும் பார்த்தோம். பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ 1947இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பாரிஸ் பஸ் ஒன்றில் நீளக் கழுத்துக்காரன் ஒருவன் சக பயணியோடு சண்டை போடுகிறான். பிறகு ரயில் நிலையத்துக்கு முன்னால் அவனிடம் நண்பன் ஒருவன், கோட்டுக்கு ஒரு பொத்தான் கூட வேண்டும் என்கிறான். அவ்வளவுதான் சம்பவம். அதை 99 விதமாகத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார். பஸ் என்றதும் கண்டக்டர் குஷியாகிவிட்டார். சில்லறைத் தகராறு ஒன்றை எடுத்து புகார் மனுவாக, ஒப்பாரியாக, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக, செக்கிங் இன்ஸ்பெக்டர் அறிக்கையாக எழுதினார்கள். சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அன்று எழுதிய எதையும் யாரும் பிறகு தொட்டு வளர்க்கவில்லை. கை இளக அது நல்லது. முதல் வாரமே வைத்திருக்கலாம்.

இனி, சொல்ல விருப்பமில்லாத பகுதி.

நர்ஸ் மூன்றாம் வாரப் பயிற்சியில் எழுதியதுதான் அந்த 6 வாரத்திலும் வந்தவற்றில் சிறந்தது என்பது என் எண்ணம். அது எதைப் பற்றி என்று இங்கே சொல்ல மாட்டேன். அது நன்றாக இருந்ததால் நான் அதை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டேனே, போதாதா என்று நினைத்தேன். சின்ன ஊர். பிரதி ஒன்று யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் கிடந்து, பார்க்கக் கூடாதவர் கண்ணில் பட்டு, அது யார் வீட்டுச் சமாச்சாரம் என்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண் விழுந்த இடத்தை மட்டும் எழுது என்று நான்தானே சொல்லியிருந்தேன். அந்தத் துல்லியம்தான் காட்டிக்கொடுத்தது. பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் நாலாவது வாரம் வரவில்லை. போன் செய்தேன். “பரவாயில்ல சார்,” என்றார். அந்தச் சொல்லுக்கு எத்தனை தொனி உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் நான் பிரதி எடுக்கவில்லை. வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் எழுதியவர் விருப்பம். முடிந்ததும் தாள் அவர் பைக்குள் போய்விடும். இங்கே எடுத்துக் கொடுத்திருக்கிற மூன்று பகுதிகளையும், கண்டக்டர் கதையின் சுருக்கத்தையும், எழுதியவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சேர்த்தேன். கல்லூரிப் பெண் சாக்ஸின் நிறத்தை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்குச் சில மாற்றங்கள் மனசில் இருக்கின்றன. கதையை வாசித்த கையோடு கருத்துக் கேட்பதை நிறுத்தப்போகிறேன். கருத்து சொல்லிவிட்டால் எழுதுகிறபோது அந்தக் கருத்துக்குக் காவல் நிற்கிறார்கள். ஒரே தாளை இரண்டு முறையாவது திருப்பி எழுதவைக்க 6 வாரம் பத்தாது, 10 வாரமாவது வேண்டும். வெண்பாவுக்கு ஐயா தனியாக ஒரு மாலை கேட்கிறார், கொடுக்க வேண்டியதுதான்.

ஆறாம் ஞாயிறு பயிற்சி எதுவும் வைக்கவில்லை. அவரவர் தாளைத் திரும்ப ஒருமுறை வாசித்துவிட்டுக் கலைவதாக ஏற்பாடு. அக்கா குடத்தை வாசித்தார். எல்லோரும் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஐயா அவரிடம் கேட்டார்.

“குடத்தைத் திருப்பிட்டீங்களாம்மா?”

“திருப்பிட்டோம் ஐயா. அப்பா வட்டியும் மொதலுமா கட்டி வாங்கிட்டு வந்தாரு. ஆனா கடையில மாத்திக் குடுத்துட்டாங்க. அது வேற குடம்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“அதுல நசுங்கல் இல்ல.”

ஐயா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். இதை ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டேன்.

“இப்பத்தான் சார் ஞாபகம் வருது,” என்றார் அக்கா. கீழே பஸ் ஹாரன் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.